நாலரை அடித் தடுப்பு

2011 ஆடி மாதம். நாமக்கல் பரமத்தி ரோட்டில் இருந்த என் ப்ரௌசிங் சென்டரில் ஆசாரி உட்கார்ந்து பிளைவுட் அறுத்துக்கொண்டிருந்தார். ஆறு கேபின், ஒவ்வொன்றுக்கும் ஆறடி உயரத் தடுப்பு. தரையிலிருந்து நாலரை அடியில் பென்சில் கோடு போட்டு, அதற்கு மேலே இருப்பதை எடுத்துவிடச் சொல்லியிருந்தேன். பகல் முழுக்க ரம்பச் சத்தம். கீபோர்டு இடுக்கெல்லாம் மரத்தூள். "நல்ல பலகைங்க தம்பி, எதுக்கு அறுக்கச் சொல்றீங்க?" என்று அவர் இரண்டு தடவை கேட்டார். சட்டம் வந்திருக்குதுங்க என்றேன். பலகைக்கும் சட்டமா என்று தலையை ஆட்டிக்கொண்டே அறுத்தார்.

பலகைக்கும் சட்டம்தான். அந்த வருடம் ஏப்ரல் 11ஆம் தேதி மத்திய அரசு ப்ரௌசிங் சென்டர்களுக்கென்று தனி விதிகளை வெளியிட்டது. தடுப்பு நாலரை அடிக்கு மேல் போகக் கூடாது. தடுப்பில்லாத கணினிகளின் திரை வெளியே பார்த்தபடி இருக்க வேண்டும். வருகிறவரின் அடையாள அட்டையைப் பார்த்து நகல் வைத்துக்கொள்ள வேண்டும். பெயர், முகவரி, வந்த நேரம், போன நேரம் பதிவேட்டில் ஏற வேண்டும். எந்தக் கணினியில் எந்தத் தளம் பார்க்கப்பட்டது என்ற விவரம் ஒரு வருடம் கடையில் இருக்க வேண்டும். மாதா மாதம் 5ஆம் தேதிக்குள் பதிவேட்டின் நகல் சொன்ன இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

உட்கார்ந்தால் தலை மறையும், பக்கத்தில் ஒருவர் வந்து நின்றால் எல்லாம் தெரியும் - அதுதான் நாலரை அடி. இன்று வி.பி.என்., இன்காக்னிட்டோ, டோர் என்று பிள்ளைகள் பேசுவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பலகைதான் ஞாபகத்துக்கு வருகிறது. 14 வருடம் அந்தக் கல்லாவில் இருந்தவன் நான். மறைவாக இருக்கிறோம் என்று நம்பி உள்ளே உட்கார்ந்தவர்களைப் பற்றி எனக்கு எவ்வளவு தெரிந்திருந்தது என்பதை அவர்கள் யாருமே அறிய மாட்டார்கள். அந்தக் கனம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

எங்கள் குடும்பத்தில் இந்தக் கதை தபாலில் தொடங்குகிறது. அம்மாவின் அப்பா, என் அப்புச்சி, சேந்தமங்கலம் பக்கத்தில் ஒரு கிளை அஞ்சலகத்தில் தபால்காரர். அப்போது நாமக்கல், சேலம் மாவட்டத்தின் ஒரு தாலுகா. தனி மாவட்டமாக நடக்கத் தொடங்கியது 1997 ஜனவரி 1ஆம் தேதிதான். அதனால் புகார் எதுவானாலும் சேலம் கலெக்டருக்குத்தான் எழுதுவார்கள். கையெழுத்தில்லாமல் எழுதினால் அது மொட்டைக் கடிதம். புறம்போக்கை வளைத்தவர் பெயர், சங்கத்தில் உரமூட்டை குறைந்த கணக்கு, கிணற்றில் தண்ணீர் எடுக்க விடாத தெருவின் பெயர் எல்லாம் அதில் போகும். எழுதியது யார் என்று வெளியே வந்தால் ஊரில் குடியிருக்க முடியாது. ஆகவே இடது கையால் எழுதுவார்கள். பள்ளிக்கூடத்துப் பையனைப் பிடித்து எழுத வைப்பார்கள். உள்ளூர்ப் பெட்டியில் போடாமல் ராசிபுரம் சந்தைக்குப் போகும்போது அங்கே போடுவார்கள். உறையின் மேல் ராசிபுரம் முத்திரை விழும்.

"எனக்குத் தெரிஞ்சு போயிருமப்பா" என்பார் அப்புச்சி. ஊரில் எல்லோரும் தபால் கார்டு வாங்குகிறவர்கள். கார்டு வாங்குகிற ஆள் ஒருநாள் உறை கேட்டால் அதை அவரிடம்தான் கேட்க வேண்டும். அடுத்த வாரம் அந்த ஆள் சந்தைக்குப் போவார். பதினைந்து இருபது நாளில் சேலத்திலிருந்து விசாரணைக்கு ஜீப் வரும். உறை, சந்தை, ஜீப் மூன்றையும் கோத்துப் பார்க்க ஒரு வரியைக்கூடப் படிக்க வேண்டியதில்லை. இன்றைக்கு மெட்டாடேட்டா என்று சொல்கிறார்களே, அதை நான் முதலில் கற்றது அவரிடம். அவர் யாரையும் காட்டிக் கொடுத்ததில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வந்த கடிதத்தை அவரே படித்துச் சொல்வார், பதிலும் எழுதித் தருவார். எத்தனை வீட்டு விஷயம் அவர் காதில் விழுந்திருக்கும்! "படிச்சதை வாசப்படியிலேயே விட்டுப்போட்டு வந்தரோணும்" என்பது அவர் வார்த்தை.

அப்பா 1991இல் எஸ்.டி.டி. பூத் போட்டார். கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டால் உள்ளே பேசுவது வெளியே கேட்காது. நாமக்கல் லாரி ஊர். திருச்செங்கோடு ரிக் வண்டி ஊர். வீட்டு ஆண்கள் நாக்பூரிலோ ராய்ப்பூரிலோ இருப்பார்கள். கட்டணம் குறையும் இரவு நேரத்துக்காகப் பெண்கள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். கதவுக்குள் அழுவது தெரியும், எதற்கு என்று தெரியாது. ஆனால் பேசி முடித்ததும் மெஷின் துண்டுச் சீட்டு அடிக்கும். அதில் நம்பர், நேரம், எத்தனை நொடி, எத்தனை ரூபாய் எல்லாம் இருக்கும். சிலர் அதை வாங்கி நாலாகக் கிழித்து ரோட்டில் போட்டுவிட்டுத்தான் நகர்வார்கள். கிழித்தது அவர்கள் கைச்சீட்டை. மெஷினில் கணக்கு அப்படியே நின்றது.

1995 ஆகஸ்ட் 15ஆம் தேதி வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட் திறந்துவிட்டது. எங்கள் ஊர்ப்பக்கம் அது ஒரு தொழிலாக மாற ஐந்தாறு வருடம் ஆனது. 2002இல் நான் டிப்ளமா முடித்துவிட்டு வந்து, அப்பாவின் பூத்தை இடித்து ஆறு கேபின் கட்டினேன். மோடம் கத்திக் கத்திக் கனெக்ட் ஆகும். மணிக்கு 30 ரூபாய். 2005இல் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் வந்த பிறகு 20, பிறகு 15. பிளஸ் டூ ரிசல்ட் அன்று மட்டும் கூட்டம் தெருவில் நிற்கும். நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு விடுதிப் பள்ளிகளுக்குத் தமிழ்நாடு முழுக்க இருந்து பிள்ளைகள் வந்து தங்கிப் படித்த காலம். பதிவெண்ணைத் தட்டி மதிப்பெண் வந்ததும் நான்தான் முதலில் பார்ப்பேன், பெற்றவர்களுக்கும் முன்னால்.

மற்ற நாட்களில் வந்தவர்கள் மறைவுக்காக வந்தவர்கள். யாஹூ மெசஞ்சரில் வேறு பெயரில் பேசுகிற கல்லூரிப் பெண், வீட்டுக்குத் தெரியாமல் சாதி மாறிக் காதலிப்பவளாக இருக்கலாம். வேலையை விட்டுவிட்டுத் துபாய்க்கு விண்ணப்பிக்கிற சூப்பர்வைசர், முதலாளிக்குத் தெரியக் கூடாது என்று வந்தவர். ஆபாசப் படத்துக்கு வந்தவர்களும் உண்டு, அதை மறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை. ஆனால் ப்ரௌசிங் சென்டர் என்றாலே அது ஒன்றுதான் என்று பேசியவர்கள் கல்லாவில் உட்கார்ந்து பார்த்தவர்கள் அல்லர்.

ஒருவரை மறக்க முடியாது. 2004ஆம் வருடம், கடை சாத்துகிற நேரத்தில் ஒரு லாரி டிரைவர் வந்தார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். கடைசி கேபினுக்குப் போனவர் பத்து நிமிடத்தில் எட்டிப் பார்த்துக் கூப்பிட்டார். எங்கள் மாவட்டத்தில் எச்.ஐ.வி. பரவல் அதிகம் என்று அப்போது பேர் இருந்தது. லாரித் தொழிலோடு சேர்த்துப் பேசி, டிரைவர் வீட்டில் பெண் கொடுக்கவே யோசித்த காலம். அந்த வருடம் ஏப்ரலில்தான் அரசு இலவசக் கூட்டுமருந்துத் திட்டத்தைச் சில ஆஸ்பத்திரிகளில் தொடங்கியிருந்தது. அவர் திரையில் இருந்தது அந்தச் செய்தி, ஆங்கிலத்தில்.

"தம்பி, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லு."

படித்துச் சொன்னேன். எந்த ஆஸ்பத்திரி, எவ்வளவு நாள், நிறுத்தக் கூடாதாமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எழுந்திருக்கும்போது கேட்டார்: "நாம பாத்தது இதுல பதிஞ்சிருக்குமா தம்பி?"

"இருக்குமுங்கண்ணா. இருங்க, அழிச்சர்றேன்."

அவர் முன்னாலேயே ஹிஸ்டரியை அழித்தேன். திரை வெறுமையாவதைப் பார்த்த பிறகுதான் அவர் முகத்தில் ஒரு தளர்ச்சி வந்தது. ஐம்பது ரூபாயைக் கொடுத்துவிட்டு மீதி வாங்காமல் போய்விட்டார். யாருக்கும் தெரியக் கூடாதென்று ஆறடிப் பலகைக்குள் போனவர், கடைசியில் ஒரு பையனிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. அவரைக் காப்பாற்றியது பலகையும் இல்லை, அழித்த ஹிஸ்டரியும் இல்லை. நான் வாயைத் திறக்காததுதான்.

அதன் பிறகு எல்லாக் கணினியிலும் டீப் ஃப்ரீஸ் என்ற மென்பொருளைப் போட்டேன். ரீஸ்டார்ட் செய்தால் கணினி காலையில் இருந்த நிலைக்குத் திரும்பிவிடும். பார்த்த தளம், இறக்கிய படம், திறந்து வைத்த மெயில் எல்லாம் போய்விடும். வாடிக்கையாளருக்கு இது பெரிய நிம்மதி. எனக்கு அது அரை உண்மை என்று தெரியும். என் டேபிளில் இருந்த பில்லிங் மென்பொருளில் எந்த கேபின், எத்தனை மணி என்பது இருந்தது. நான் நினைத்திருந்தால் யார் எந்தத் தளத்தில் இருக்கிறார் என்று இங்கிருந்தே பார்த்திருக்க முடியும். அதற்கு மேலே இணைப்புக் கொடுத்த நிறுவனத்துக்குத் தெரியும். அதற்கும் மேலே அந்தத் தளத்துக்கே தெரியும். இன்னொரு ஊரில் ஒரு கடைக்காரர் கீலாகர் போட்டு வைத்து, தட்டுகிற எழுத்தெல்லாம் தன் ஃபைலில் விழ வைத்திருந்தார். பெண்களின் மெயில் பாஸ்வேர்டு அவரிடம் இருந்தது. அதைப் பெருமையாக என்னிடம் காட்டினார். அவரோடு பேச்சை நிறுத்தினேன். ஆனால் போலீசில் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது எல்லா பிரௌசரிலும் இருக்கும் மறைவுச் சன்னல் அந்த டீப் ஃப்ரீஸின் தம்பிதான். ஆப்பிளின் சஃபாரியில் 2005இல் வந்தது. கூகுள் குரோம் 2008இல் அதற்கு இன்காக்னிட்டோ என்று பெயர் வைத்து, தொப்பியும் கண்ணாடியும் போட்ட ஒரு சின்னமும் கொடுத்தது. அந்தச் சின்னம்தான் நிறையப் பேரை ஏமாற்றியது என்பேன். முகத்தை மறைத்துக்கொண்டு தெருவில் நடப்பது போல ஒரு நினைப்பு. உண்மையில் அது செய்வது, நாம் போன பிறகு நம் கணினியில் இருக்கும் தடத்தைக் கூட்டித் தள்ளிவிடுவது மட்டுமே. வீட்டில் ஒரே கணினியைப் பயன்படுத்தும் அண்ணன் தம்பிக்குத் தெரியாது. இணைப்புக் கொடுப்பவருக்கும் போய் நின்ற தளத்துக்கும் தெரியும். 2020இல் அமெரிக்காவில் கூகுள் மேல் இதற்காகவே வழக்குப் போட்டார்கள், மறைவுச் சன்னலில் இருந்தபோதும் எங்களைப் பின்தொடர்ந்தீர்கள் என்று. 2024 ஏப்ரலில் வெளியான சமரசப்படி, அப்படிச் சேர்ந்த கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்கவோ அடையாளம் நீக்கவோ கூகுள் ஒப்புக்கொண்டது. எத்தனை பேர், எந்த நோயை, எந்த ஆளை, எந்த வேலையைத் தேடிய இரவுகள் அந்தப் பதிவுகளில் இருந்திருக்கும்!

2008 ஜூலை 26. அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சில நிமிடங்களுக்கு முன் பத்திரிகை அலுவலகங்களுக்கு ஒரு மெயில் போனது. அது நவி மும்பையில் பூட்டுப் போடாத ஒரு வீட்டு வைஃபை வழியாக அனுப்பப்பட்டது என்று பிறகு தெரிந்தது. மெயில் கிளம்பிய முகவரி ஒன்று, அனுப்பியவர் வேறு ஆள். ராசிபுரம் முத்திரை மாதிரிதான். அதற்குப் பிறகு பொது இணைய இடம் எல்லாவற்றின் மேலும் கண் விழுந்தது. வருகிறவர் பெயரை எழுத நோட்டுப் போடச் சொல்லி எங்களிடம் வாய்மொழியாகச் சொல்லிக்கொண்டிருந்தது 2011இல் விதியாகி, ஆசாரி கையில் ரம்பமாகி வந்தது.

நோட்டு வைத்த பிறகு ஒருநாள் விசாரணைக்குப் போலீஸ் ஆட்கள் வந்தார்கள். கையில் ஒரு ஐ.பி. எண், ஒரு தேதி, ஒரு நேரம். ஒரு பெண்ணுக்கு மோசமான மெயில் போயிருக்கிறது. எண் என் கடை இணைப்பைக் காட்டியது, நேரம் நோட்டின் ஒரு வரியைக் காட்டியது, வரி நாலாவது கேபினைக் காட்டியது. அந்தப் பையனின் கல்லூரி அட்டை நகல் என்னிடம் இருந்தது. அரை மணி நேரத்தில் முடிந்தது. அந்தப் பெண்ணை நினைத்தால் நோட்டு வைத்தது சரி என்றுதான் அன்றைக்கு இருந்தது. ஆனால் அதே நோட்டில் அதே பக்கத்தில் இன்னும் பதினேழு பேர் இருந்தார்கள். அந்தப் பதினேழு பேரின் பெயரும் நேரமும் அந்தக் கண்களின் கீழ் ஓடின. அவர்கள் ஒரு தப்பும் செய்யவில்லை.

கல்லூரிகளில் வேறு ஒரு ஆட்டம் நடந்தது. 2000க்குப் பிறகு சேலம், நாமக்கல் பக்கம் பொறியியல் கல்லூரிகள் ரோட்டுக்கு ரோடு வந்தன. லேபில் ஆர்குட்டையும் ஃபேஸ்புக்கையும் பூட்டி வைப்பார்கள். பையன்கள் என் கடைக்கு வந்து அல்ட்ராசர்ஃப் என்ற சின்ன மென்பொருளைப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு போவார்கள். அது 2002இல் சீன அரசின் தடைச்சுவரைத் தாண்டுவதற்காக அமெரிக்காவில் இருந்த சீனர்கள் செய்தது. சீனாவில் தடைசெய்யப்பட்ட ஃபாலுன் காங் இயக்கத்தவர் ஜெயிலுக்குப் போகாமல் செய்தி படிக்க உருவானது, எங்கள் ஊர் விடுதியில் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்க உதவியது. "இதைப் போட்டா நம்மள யாருமே பார்க்க முடியாதுங்களாண்ணா?" என்று ஒரு பையன் கேட்டான். கல்லூரிக்காரர் பார்க்க முடியாது, அல்ட்ராசர்ஃப்காரர் பார்க்கலாம் என்றேன். அவன் அதை யோசித்திருக்கவில்லை. பூட்டுப் போட்ட கருவிகளும் சும்மா பூட்டுகள் அல்ல. அகமதாபாத் நிறுவனமான சைபர்ரோமின் கருவி இந்தியக் கல்லூரிகளில் பரவலாக இருந்தது. 2012 ஜூலையில் டோர் திட்டத்தினர், அந்தக் கருவிகள் எல்லாவற்றிலும் ஒரே சான்றிதழ்ச் சாவி இருப்பதைக் கண்டு வெளியிட்டார்கள். பூட்டு ஐகானோடு வரும் பாதுகாப்பான பக்கத்தையும் நடுவில் நின்று பிரித்துப் படிக்கும் வேலைக்கான சாவி அது. ஒரு கருவியிலிருந்து அதை எடுத்துவிட்டால் மற்றக் கருவிகளின் பின்னால் இருக்கிறவர்களையும் படிக்கலாம். ஊர் முழுக்க வீட்டுக்கு வீடு ஒரே சாவி என்று யாராவது ஒத்துக்கொள்வோமா?

டோர் என்பதைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இவை எல்லாவற்றிலும் அதுதான் நேர்மையாகக் கட்டியது. பெயரே வெங்காயத்திலிருந்து வந்தது. சின்ன வெங்காயம் எங்கள் மாவட்டத்துப் பயிர். தோல் உரித்தால் தோல், அதை உரித்தால் இன்னொரு தோல். 1990களின் நடுவில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் பால் சிவர்சனும் கூட்டாளிகளும் இந்த யோசனையை உருவாக்கினார்கள். 2002இல் டோர் ஓடத் தொடங்கியது. நம் செய்தியை மூன்று உறைக்குள் போட்டு மூன்று பேர் வழியாக அனுப்புகிறது. முதல் ஆளுக்கு நாம் யார் என்று தெரியும், எங்கே போகிறோம் என்று தெரியாது. கடைசி ஆளுக்குப் போகும் இடம் தெரியும், யார் அனுப்பியது என்று தெரியாது. நடு ஆளுக்கு இரண்டுமே தெரியாது. என் அப்புச்சியை மூன்றாகப் பிரித்து மூன்று ஊரில் உட்கார வைத்த மாதிரி.

அப்படியும் ஓட்டை விழுந்தது. 2007இல் டான் எகர்ஸ்டாட் என்ற சுவீடன்காரர் தானே சில இடங்களில் கடைசி ஆளாக உட்கார்ந்து பார்த்தார். உறையில்லாமல் போன மெயில்கள் அவர் கண்ணெதிரே ஓடின. உலகத்துத் தூதரகங்களையும் அரசு அலுவலகங்களையும் சேர்ந்த 100 மெயில் கணக்குகளின் பாஸ்வேர்டை வெளியிட்டார். இந்தியத் தூதரகங்களும் அந்தப் பட்டியலில் இருந்தன. 2013 டிசம்பரில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் பரீட்சையைத் தள்ளிப்போட டோர் வழியாக வெடிகுண்டு மிரட்டல் அனுப்பினார். டோரை யாரும் உடைக்கவில்லை. அந்த நேரத்தில் அந்த வளாகத்தின் வைஃபையிலிருந்து டோரைத் தொட்டவர் யார் என்று மட்டும் பார்த்தார்கள். ஊரே கார்டு வாங்குகிற இடத்தில் அவர் ஒருவர் உறை வாங்கியிருந்தார்.

வி.பி.என்.னில் மூன்று பேர் இல்லை, ஒருவர்தான். நம் இணைப்பு நிறுவனத்தின் கண்ணை மூடி, அந்த நாற்காலியில் இன்னொருவரை உட்கார வைக்கிறோம், அவ்வளவே. அந்த இன்னொருவர் யார் என்பதுதான் கேள்வி. 2011இல் ஹைட்மைஆஸ் என்ற பிரிட்டிஷ் வி.பி.என்., நீதிமன்ற உத்தரவு வந்ததும் ஒரு ஹேக்கரின் பதிவை எடுத்துக் கொடுத்தது. சட்டப்படி சரி. ஆனால் பதிவு இருந்தது என்பதே பலருக்கு அன்றுதான் தெரிந்தது. 2013இல் ஃபேஸ்புக் வாங்கிய ஓனாவோ, பாதுகாப்பு என்ற பெயரில் இலவச வி.பி.என். கொடுத்து, மக்கள் எந்தச் செயலியை எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்று ஃபேஸ்புக்குக்கே சேகரித்தது. 2018 ஆகஸ்டில் ஆப்பிள் கடையிலிருந்து அதை எடுக்க வேண்டியதாயிற்று. ஹோலா என்ற இலவசச் செயலி நம் இணைப்பையே மற்றவர்களுக்கு வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தது 2015இல் வெளியானது. நம் வீட்டு முத்திரையை நமக்குத் தெரியாமல் யார் யார் கடிதத்திலோ குத்தியிருக்கிறார்கள். இலவசம் என்று போட்டிருக்கும் வி.பி.என்.னைப் பார்த்தால் எனக்கு அந்தக் கீலாகர் கடைக்காரர் முகம்தான் தெரிகிறது.

2016 ஜூனில் சேலம் மாவட்டத்தில் நடந்ததைச் சொல்லாமல் போக முடியாது. ஒரு போலிக் கணக்கிலிருந்து ஓர் இளம்பெண்ணின் முகத்தை வேறு உடலோடு ஒட்டி ஃபேஸ்புக்கில் போட்டார்கள். பெற்றோர் போலீசுக்குப் போனார்கள். கணக்குக்குப் பின்னால் இருந்த ஐ.பி. விவரம் வெளிநாட்டு நிறுவனத்திடமிருந்து வர நாளாகும் என்ற நிலை. அதற்குள் இரண்டாவது படமும் வந்தது. அந்தப் பெண் உயிரோடு இல்லை. பிறகு சில நாட்களிலேயே ஆள் பிடிபட்டார். மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் பெற்றோரிடம் மன்னிப்புக் கேட்டார். அந்தப் போலிக் கணக்குக்காரர் பெரிய மறைவுக் கருவி எதையும் வைத்திருந்ததாகத் தெரியவில்லை. அவரை அத்தனை நாள் மறைத்தது தாமதம். இந்தச் சம்பவத்தைக் காட்டி மறைவே வேண்டாம் என்பவர்களிடம் நான் சொல்வது இதுதான்: அந்தப் பெண்ணிடமிருந்தும் பறிக்கப்பட்டது அந்தரங்கம்தான். தன் முகத்தின் மேல் தனக்கு இருந்த உரிமை. அதைப் பறித்தவரை விரைவாகக் கண்டுபிடிப்பதும், லாரி டிரைவரின் இரவைக் காப்பதும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல.

அதே வருடம் செப்டம்பர் 5ஆம் தேதி ஜியோ வந்தது. என் ஆறு கேபினும் ஆறு மாதத்தில் காலியாகின. நாலரை அடிப் பலகைகளைப் பிரித்து ஜெராக்ஸ் தாள் அடுக்கும் ராக்கை ஆக்கினேன். 2017 ஆகஸ்ட் 24ஆம் தேதி புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொன்னபோது என் கடையில் மறைவுக்கென்று ஒரு அங்குலம் பலகையும் இல்லை.

பலகை போய்விட்டாலும் விதி வேறு உருவில் வந்தது. 2022 ஏப்ரல் 28ஆம் தேதி மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் ஓர் உத்தரவு போட்டது. வி.பி.என். நிறுவனங்கள் வாடிக்கையாளரின் சரிபார்த்த பெயர், முகவரி, தொடர்பு எண், கொடுத்த ஐ.பி., எதற்காக வாங்குகிறார் என்ற காரணம் எல்லாவற்றையும் கணக்கு முடிந்த பிறகும் ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டும். வாசித்ததும் எனக்குச் சிலிர்த்தது. அது என் நோட்டு! வரிக்கு வரி என் நோட்டு. எனக்கு ஒரு வருடம், அவர்களுக்கு ஐந்து. அலுவலகங்கள் தங்கள் ஊழியருக்கு வைத்துக்கொள்ளும் வி.பி.என்.னுக்கு மட்டும் விலக்கு. ஜூன் தொடக்கத்தில் எக்ஸ்பிரஸ் வி.பி.என். இந்தியாவில் இருந்த சர்வர்களைக் கழற்றிக்கொண்டு போனது. பின்னாலேயே சர்ஃப்ஷார்க், நார்டு, புரோட்டான். இன்று அவற்றில் இந்தியா என்று தேர்ந்தெடுத்தால் கிடைக்கும் இந்திய முகவரி பலவற்றில் வேறு நாட்டுக் கணினியிலிருந்து வருகிறது. மறுபடியும் வேற்றூர்ப் பெட்டி.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, அப்படியானால் எதையும் போட வேண்டாமா என்று அக்கா மகன் கேட்டான். போடு என்றேன். பஸ் ஸ்டாண்ட் வைஃபையில் உட்கார்ந்து பேங்க் வேலை செய்கிறவன் வி.பி.என். போடலாம். அப்பா போனில் எதையாவது தேடுகிறவள் மறைவுச் சன்னலைத் திறக்கலாம். உயிருக்குப் பயந்து எழுதுகிற பத்திரிகைக்காரருக்கு டோரை விட்டால் வேறு நல்ல வழி எனக்குத் தெரியாது. போடுவதற்கு முன்னால் யாரிடமிருந்து மறைய வேண்டும் என்று கேட்டுக்கொள். பிறகு அந்தக் கல்லாவில் இப்போது யார் உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்டுக்கொள். அதே மூச்சில் உன் ஜிமெயிலில் உள்ளே நுழைந்து வைத்தால் எந்தத் திரையும் பயனில்லை. நுழையாவிட்டாலும் முழுத் தப்பிப்பு இல்லை: 2010இல் அமெரிக்காவின் இணைய உரிமை அமைப்பான ஈ.எஃப்.எஃப். 4,70,161 பிரௌசர்களைச் சோதித்தபோது, எழுத்துரு, திரை அளவு, நேர மண்டலம் போன்ற சில்லறை அடையாளங்களை வைத்தே 83.6 விழுக்காடு பிரௌசர்கள் தனித்துத் தெரிந்தன. இடது கையால் எழுதினாலும் கையெழுத்து கையெழுத்துதான்.

பழைய நோட்டுகள் 2019 வரை பரணில் இருந்தன. ஒரு வருடம் வைத்தால் போதும் என்பது விதி, நான் எடுத்துப் போடாமல் விட்டுவிட்டேன். சுத்தம் செய்யும்போது இறக்கினேன். பேப்பர் கடைக்குப் போட மனம் வரவில்லை. பொட்டலம் மடிக்க எந்த மளிகைக் கடைக்குப் போகுமோ. தோட்டத்துத் தொட்டியில் இரண்டு நாள் ஊறப் போட்டு, பிசைந்து, தென்னைக்கு அடியில் கொட்டினேன். 2004இல் நோட்டே கிடையாது, அந்த டிரைவரின் வரி அதில் இல்லை என்று தெரிந்தும் ஒவ்வொரு நோட்டாகப் பார்த்துத்தான் நனைத்தேன்.

இப்போது கடை ஜெராக்ஸ், பிரிண்ட், ஆன்லைன் விண்ணப்பம். வருகிறவர்கள் ஆதார், ரேஷன் கார்டு, பத்திரம், ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாவற்றையும் என் கடை வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பிவிட்டுப் பிரிண்ட் கேட்கிறார்கள். ஒரு நாளைக்கு நூறு குடும்பத்தின் காகிதம் என் போனில் விழுகிறது. அடையாள அட்டையை நீட்டச் சொன்னால் தயங்கிய ஊர் இது. ராத்திரி ஒன்பது மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழிக்கிறேன். கேலரியில் இருப்பது வேறு, பேக்கப்பில் இருப்பது வேறு, கம்ப்யூட்டரில் டவுன்லோடு ஃபோல்டர் வேறு. முக்கால் மணி நேரம் ஆகும்.

போன மாதம் ஒரு பெண் பிரிண்ட் வாங்கிக்கொண்டு போனவள் பாதி இறங்கிய ஷட்டருக்குள் குனிந்து திரும்பி வந்தாள். மருத்துவப் பரிசோதனைச் சீட்டு. என்ன என்று நான் பார்க்கவில்லை.

"அண்ணா, என்னோடது அழிச்சுட்டீங்களாண்ணா?"

"இப்பத்தான் அழிச்சுட்டிருக்கேம்மா. உன்னோடது வரல்ல இன்னும்."

அவள் நின்றாள். போனை அவள் பக்கம் திருப்பி வைத்து, அவள் பெயர் வரும் வரை ஒவ்வொன்றாகக் கீழே தள்ளினேன்.